பூக்கடையில் பரிசுக் கூடை: உழவருக்கும் அதில் பங்கு வேண்டும்

மல்லிகைப் பூவின் விலை ஏறினாலும் பத்திரிகையில் செய்தி வருகிறது; இறங்கினாலும் செய்தி வருகிறது. தை மாத முகூர்த்தத்தில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் அதே பூ, கோடையில் செடி நிறையப் பூக்கும்போது, முகூர்த்தமில்லாத நாளாக அமைந்துவிட்டால் பறிகூலிக்குக் கூடக் கட்டுபடியாவதில்லை. விடியுமுன் மொட்டாகப் பறித்த பூவை அன்றைக்கே விற்றாக வேண்டும். மாலையில் மலர்ந்து, மறுநாள் குப்பைக்குப் போகும் சரக்கு அது. மண்டியில் கிலோ கணக்கில் விற்கும் விவசாயிக்கும் சரி, தெருமுனையில் முழம் போட்டு விற்கும் கடைக்காரருக்கும் சரி, இந்தக் கஷ்டம் பொதுவானது.

இதற்கு ஒரு மாற்று வழியாகப் பூக்கடைக்காரர்கள் பலர் பரிசுக் கூடை வியாபாரத்தில் இறங்கியிருக்கின்றனர். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா, பிறந்த நாள் என்று எதற்குப் போனாலும் வெறுங்கையோடு போகலாகாது என்பது நமது வழக்கம். பழம், இனிப்பு, பூ இவற்றை அழகாக அடுக்கிக் கட்டித் தரும் கடை இருந்தால், வாங்குவோருக்கும் அலைச்சல் மிச்சம். பூ விற்பனை மந்தமாக உள்ள நாளிலும் கடையில் கல்லாப்பெட்டி திறக்கும். எனவே இம்முயற்சி வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் கூடைக்குள் இருப்பது யாருடைய விளைபொருள் என்ற கேள்வியை விவசாயிகளும் வியாபாரிகளும் சேர்ந்து சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பழைய தட்டும் புதிய கூடையும்

பரிசுக் கூடை மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். நமது சீர்வரிசைத் தட்டு வேறு என்ன? வெற்றிலை கொடிக்காலிலிருந்து வந்தது. வாழைப்பழம், தேங்காய், மஞ்சள், பூ எல்லாம் தோட்டத்திலிருந்து வந்தவை. ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் தட்டு வைக்கும்போது ஒவ்வொரு தட்டிலும் ஓர் உழவரின் விளைவு இருந்தது. செட்டிநாட்டில் பனையோலையில் முடைந்த கொட்டான்களில் வைத்துத் திருமணச் சீர் கொடுத்தார்கள். கூடையும் பனைமரத்திலிருந்து வந்தது. கூடைக்குள் இருந்ததும் மண்ணிலிருந்து வந்தது.

இன்று கடைகளில் தொங்கும் கூடைகளைப் பார்த்தால் கதை வேறு. அடியில் தெர்மாகோல் அட்டை. அதன்மேல் வெளிநாட்டு ஆப்பிள், கிவிப் பழம், சாக்லேட் பெட்டி. சுற்றிலும் பளபளக்கும் தாள். உச்சியில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா! பூக்கடையில் விற்கும் கூடையிலேயே பிளாஸ்டிக் பூ இருக்குமானால், பூ விவசாயிக்கு இந்தப் புதிய வியாபாரத்தால் என்ன பயன்?

இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சாக்லேட் அழுகாது, பிளாஸ்டிக் பூ வாடாது. முதல் போட்டவர் சேதாரத்துக்கு அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்கு விடை சொல்லாமல், “நாட்டுப் பொருளை வையுங்கள்” என்று உபதேசம் செய்வது நியாயமாகாது. அச்சம் எங்கே எழுகிறது, அதை எவ்வாறு குறைக்கலாம் என்று பார்ப்போம்.

பழத்தோடு பூ ஏன் வாடுகிறது?

பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. நன்கு பழுத்த வாழை, மாம்பழம், ஆப்பிள் ஆகியவை இதை அதிகமாக வெளிவிடும். இந்த வாயு பட்டால் பல பூக்கள் விரைவில் வாடும், இதழ் உதிரும். கார்னேஷன் போன்ற பூக்கள் மிகவும் பாதிக்கப்படும். பழத்தையும் பூவையும் ஒன்றாக வைத்துக் காற்றுப் புகாத தாளால் இறுக்கிக் கட்டினால், காலையில் கட்டிய கூடை மாலையில் களையிழந்து நிற்பதற்கு இதுவே முக்கிய காரணம். “நாட்டுப் பூ தாங்காது” என்று கடைக்காரர் முடிவு கட்டிவிடுகிறார். குற்றம் பூவினுடையதன்று, கட்டிய முறையினுடையது.

ஆகவே வாழையைச் சீப்பாக, முக்கால் பழுத்த பக்குவத்தில் வைப்பது நல்லது. எலுமிச்சை, திராட்சை, மாதுளை போன்ற பழங்கள் எத்திலீனை மிகக் குறைவாகவே வெளியிடுவதால் அவை பூவுக்குப் பக்கத்தில் இருக்கத் தக்கவை. கூடையை மூடிக் கட்டாமல் காற்றாடத் திறந்து வைக்க வேண்டும். பூவைக் கடைசியாக, கூடை கடையை விட்டுப் புறப்படும் நேரத்தில் செருக வேண்டும்.

பூவிலும் தேர்வு வேண்டும். மல்லிகை சில மணி நேரத்துப் பூ. வாங்குபவர் உடனே எடுத்துச் செல்வதானால் மொட்டுச் சரமாக வைக்கலாம். நாள் முழுதும் நிற்க வேண்டிய கூடைக்குச் சாமந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியவை ஏற்றவை. வாடாமல்லி காய்ந்த பிறகும் நிறம் மாறாது. மரிக்கொழுந்தும் மருவும் மணத்துக்கு மணம், பசுமைக்குப் பசுமை. மாலைக்கு இடையில் கட்டுவதோடு நின்றுவிடும் இந்தப் பூக்களுக்குக் கூடை வியாபாரம் ஒரு புதிய வாயிலைத் திறக்கும்.

ஒன்றை மட்டும் தவிர்த்தே ஆக வேண்டும். அரளியின் பூ, இலை, தண்டு, பால் யாவும் நஞ்சு. உண்ணும் பொருளோடு அதை வைக்கக் கூடாது. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதத்தில், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்க்க முடிவு செய்தது நினைவிருக்கலாம். அரளி பயிரிடுவோர் இதனால் கலங்க வேண்டியதில்லை. மாலைக்கு உள்ள அதன் இடம் மாலைக்கே இருக்கட்டும்; உணவுக் கூடைக்கு வேண்டாம். இதேபோல மருந்து தெளித்த ரோஜா இதழ்களை நறுக்கிய பழத்தின்மேல் தூவும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

முகூர்த்தமில்லா மாதமும் சீர் மாதமே

ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை; பூக்கடையில் கல்யாண மாலைக்கு வேலை இல்லை. ஆனால் அந்த மாதங்களில் பரிசு கொடுப்பது நின்றுவிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புதுமணத் தம்பதியருக்கு ஆடிச் சீர் செய்வது அந்த மாதத்தில்தான். மார்கழியில் கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு ஆகியவை வருகின்றன. மாதக் கடைசியில் பொங்கல் சீர் புறப்படுகிறது. பூவுக்கு முகூர்த்தமில்லாத மாதம் கூடைக்கு முகூர்த்த மாதமாகிறது. பூக்கடையோடு கூடை விற்பனையைச் சேர்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேறில்லை. குளிரால் மல்லிகை குறைந்து, விலை எட்டாத உயரத்துக்குப் போகும் மார்கழியில் சாமந்தியும் வாடாமல்லியும் கூடையை நிரப்பும்.

கூடைக்கான சரக்குக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. மதுரை மல்லி 2013-இலும், ஈரோடு மஞ்சள் 2019-இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இலும், சோழவந்தான் வெற்றிலை 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றவை. சிறுமலை வாழைப்பழத்துக்கும் அந்தக் குறியீடு உண்டு. இன்ன ஊர்ப் பொருள் என்று ஒரு சிறு சீட்டில் எழுதி வைத்தால், வாங்குபவருக்கு அதைக் கொடுப்பதில் ஒரு பெருமையும் இருக்கும். வெளிநாட்டு ஆப்பிளில் ஒட்டிய சீட்டைப் பெருமையாகப் பார்க்கிறவர்கள் சோழவந்தான் வெற்றிலையை மட்டும் பார்க்க மாட்டார்களா?

கணக்குப் போட்டுப் பார்க்க

கூடை வியாபாரத்தில் கை சுட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் சேதாரத்தைக் கணக்கில் சேர்க்காதவர்களே. ஓர் உதாரணம் பார்க்கலாம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். மூங்கில் கூடை 120 ரூபாய், பூவன் பழம் 70, தேங்காய் இரண்டு 80, வெற்றிலை பாக்கு மஞ்சள் 50, கடலை மிட்டாயும் வெல்லமும் 110, பூ 90, கட்டுக்கூலி 70 என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் 590 ரூபாய். 750 ரூபாய்க்கு விற்றால் 160 ரூபாய் லாபம் என்று தோன்றும். பத்துக் கூடையில் ஒன்று விற்காமல் வீணானால், மற்ற ஒன்பதில் கூடைக்குச் சுமார் 94 ரூபாய்தான் நிற்கும். இரண்டு வீணானால் கூடைக்குச் சுமார் 12 ரூபாய்! இதற்குள்தான் கடை வாடகையும் மின் கட்டணமும் அடங்க வேண்டும்.

ஆகவே முன்பணம் வாங்கிக்கொண்டு, சொன்ன நாளுக்குக் கட்டித் தருவதே உத்தமம். கடை வாசலில் காட்சிக்கு ஒன்றிரண்டு போதும். இந்தக் கணக்கில் மற்றொன்றும் உண்டு. பழம், தேங்காய், வெற்றிலை, பூ இவற்றுக்காக மட்டும் 290 ரூபாய் தோட்டத்துப் பொருளுக்குப் போகிறது. சாக்லேட் கூடையில் இந்தத் தொகை அநேகமாகப் பூஜ்யம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்

புதிய பூவுக்கும் புதிய பழத்துக்கும் சரக்கு-சேவை வரி இல்லை. ஆனால் வெவ்வேறு வரி விகிதமுள்ள பொருள்களை ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்கு விற்றால், அவற்றுள் எதற்கு விகிதம் அதிகமோ அதுவே முழுக் கூடைக்கும் பொருந்தும் என்பது 2017-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் விதி. ஒரு சாக்லேட் பெட்டியைச் சேர்த்ததால், வரியில்லாத பழமும் பூவும் வரிக்குள் வந்துவிடக் கூடும். பதிவு பெற்ற வியாபாரிகள் வரி ஆலோசகரைக் கேட்டு நடந்துகொள்வது நல்லது. தோட்டத்துப் பொருள் மட்டுமே உள்ள கூடைக்கு இந்தத் தொல்லை குறைவு.

தின்பண்டம் சேர்த்து விற்பவர் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தில் தயாரித்த தேதியும், எந்நாள் வரை உண்ணலாம் என்பதும் இருக்க வேண்டும். அலங்காரத் தெர்மாகோலும், இனிப்புப் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. வாழைச் சருகு, வைக்கோல், பனையோலை, மூங்கில் கூடை இவற்றுக்குத் தடை ஏதும் இல்லை. சட்டமே இப்போது நாட்டுக் கூடைக்குத் துணை நிற்கிறது என்று சொல்லலாம்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

கடைக்காரர் தினமும் ஐந்து இடத்துக்கு அலைந்து ஐந்து பொருள் வாங்க மாட்டார். சாக்லேட் விற்பனையாளர் கடை வாசலுக்கே வந்து இறக்கிவிட்டுப் போகிறார். உழவர் தரப்பிலும் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத வரை இந்தப் போட்டியில் வெல்ல முடியாது. பூ விளையும் கிராமங்களில் உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதற்கு முன்வர வேண்டும். பூ, பழம், வெற்றிலை, ஓலைக்கூடை ஆகியவற்றை ஒரே வண்டியில் சேர்த்து, நகரத்துப் பூக்கடைகளுக்கு முன்கூட்டியே பேசிய விலையில் கொடுக்கலாம். முதலில் பக்கத்து ஊரில் நான்கைந்து கடைகளோடு தொடங்கினால் போதும். தரம் ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருந்தால் கடைக்காரர் மறுபடி சாக்லேட்டுக்கே போய்விடுவார் என்பதையும் மறக்கலாகாது.

கோடையில் மலைபோல் குவியும் மல்லிகையைக் கூடை வியாபாரம் தின்று தீர்த்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். அதற்கு வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகளும், நியாயமான கொள்முதல் விலையுமே வழி. கூடையால் ஆவது வேறு. சாமந்திக்கும் வாழைக்கும் வெற்றிலைக்கும் பனையோலை முடைபவருக்கும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக ஒரு வருமானம். பூக்கடைக்காரருக்கு, மாலை கட்டாத நாளிலும் ஒரு வியாபாரம். இவ்வளவு கிடைத்தாலும் நன்மையே.

இதில் வாங்குவோரின் பொறுப்பும் உண்டு. அடுத்த முறை பூக்கடையில் கூடைக்குச் சொல்லும்போது, “பிளாஸ்டிக் பூ வேண்டாம், நல்ல பூவாக வையுங்கள்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்பவர் இருந்தால் கடைக்காரர் வைப்பார். கடைக்காரர் வைத்தால் விவசாயி விளைவிப்பார்.