மாத்திரை மலையேற வேண்டும்!

தோழர்களே! இப்படி ஒருவரை நம் கிளைகளில் கண்டிருப்போம். மாநாடு நெருங்குகிறது. நான்கு இரவுகளாக அவர் கண் மூடவில்லை. பசை வாளியும் சுவரொட்டிக் கட்டுமாகத் தெருத்தெருவாகச் சுற்றுகிறார். களைப்பு இல்லை, பேச்சு ஓயவில்லை, வாய் திறந்தால் திட்டம் மேல் திட்டம். "இவரல்லவோ தொண்டர்!" என்று தோளைத் தட்டுகிறோம். மூன்று மாதம் கழிகிறது. அதே மனிதர் பாயை விட்டு எழவில்லை. கூப்பிட்டால் மறுமொழி இல்லை, சோறு இறங்கவில்லை, வேலைக்குப் போகவில்லை. "சோம்பேறி! குடும்பத்துக்கு உதவாதவன்!" என்கிறோம். ஏறியபோது கைதட்டினோம், இறங்கியபோது ஏசினோம். இரண்டும் ஒரே நோயின் இரு முனைகளாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தோமா?

ஊக்கமாக உழைப்பவரெல்லாம் நோயாளி என்று சொல்ல வரவில்லை. உழைத்தவன் களைப்பான், படுத்தால் உறங்குவான். நோயில் ஏறியவனுக்கு இரண்டு மணி நேர உறக்கமே போதும், களைப்பே தெரியாது. நினைத்தது நினைத்தபடி கடன் வாங்குவான், ஆட்டையும் மாட்டையும் வந்த விலைக்கு விற்பான், தடுத்தால் சீறுவான். ஒரு வாரத்துக்கு மேல் இந்நிலை நீடிப்பதும், வேறொரு காலத்தில் வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடப்பதும் சேர்ந்தால், அதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் இருமுனை மனநோய். பைபோலார் என்று நகரத்தில் சொல்வார்கள்.

இது பெரும்பாலும் இளவயதிலேயே தலைகாட்டும். ஆனால் நாற்பதிலும் நாற்பத்தைந்திலும்தான் பலருக்குப் பெயர் தெரிகிறது. ஏன்? இறக்கத்தில் மட்டுமே மருத்துவரிடம் போகிறார்கள். ஏற்றத்தை நோய் என்று யாரும் சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை. வெறும் மனச்சோர்வு என்று எண்ணி அதற்கு மட்டும் மருந்து கொடுத்தால், சிலருக்கு அதுவே ஏற்றத்தைக் கிளப்பிவிடும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது, "இவர் உறங்காமல் திரிந்த காலமும் உண்டு" என்று சொல்ல மனைவியோ அண்ணனோ கூடப் போக வேண்டும். அந்த ஒரு சொல் இருபது ஆண்டு இருட்டை விலக்கக்கூடும்.

நாற்பத்தைந்தில் பெயர் தெரிந்தவனுக்கு முதலில் வருவது ஆறுதல், அடுத்து வருவது வேதனை. விற்ற நிலம் திரும்பாது. அடித்த கை அடித்ததுதான். போன வேலை போனதுதான். "அவ்வளவும் நோய் செய்ததா, நான் செய்தேனா?" என்ற கேள்வியோடு அவன் மீதி நாட்களை வாழ வேண்டும். அந்தக் கேள்விக்கு மாத்திரை விடை சொல்லாது. பக்கத்தில் உட்காரும் மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்நோய்க்கு மருந்து உண்டா? உண்டு! அதன் வரலாறு ஒவ்வொரு தொழிலாளியும் அறிய வேண்டிய ஒன்று. சிங்கப்பூரின் சாங்கி முகாமில் சப்பானியரிடம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், நாடு திரும்பி மெல்பர்னில் ஓர் எளிய மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்தார். 1948 மார்ச்சில், ஐந்து ஆண்டுகளாக வெறியேறிக் கிடந்த 51 வயது மனிதருக்கு லித்தியம் என்னும் உப்பைக் கொடுத்தார். சூலையில் அம்மனிதர் வீடு திரும்பினார், பழைய வேலையிலேயே மகிழ்ச்சியோடு சேர்ந்தார். 1949 இல் கேட் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். தோண்டியெடுக்கும் உப்பு அது. யாரும் அதற்குத் தனியுரிமை கோர முடியாது, கொள்ளை லாபமும் அடிக்க முடியாது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை. நலமானவர் மாத்திரையை விட்டார். நோய் திரும்பியது, மருத்துவமனைக்கே மீண்டும் வந்தார். 1950 இல் அதே லித்தியம் உடலில் மிகுந்து நஞ்சாகி மாண்டார். இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தால் ஆபத்தைத் தவிர்க்கலாம் என்பதை 1951 இல் அதே மெல்பர்னைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். இதிலிருந்து நாம் கற்பது இரண்டு. மாத்திரையை நிறுத்தக் கூடாது, இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆபத்து.

இப்போது சவ்வாது மலைக்கு வாருங்கள். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய இடங்களிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைக்கிறார்கள், புளி உலுக்குகிறார்கள், தேன் எடுக்கிறார்கள். விளைச்சல் போதாதபோது கூலி வேலைக்குக் கீழே இறங்குகிறார்கள். இந்நோய் மலையென்றும் சமவெளியென்றும் பார்ப்பதில்லை. 2015–16 இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோர் ஆயிரம் பேரில் சுமார் 3 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் நூற்றுக்கு 70 பேர் அளவில் சிகிச்சையே பெறவில்லை. இது நாடு முழுவதற்குமான கணக்கு.

மலையில் ஒருவருக்கு இந்நோய் கண்டால் என்ன நடக்கும்? பேய் என்பார்கள், முனி அடித்தது என்பார்கள், பூசாரியிடம் போவார்கள். கீழே இருக்கும் நாம் உடனே "மூடநம்பிக்கை!" என்று நகைக்கிறோம். நகைப்பது எளிது, தோழர்களே! பூசாரி பக்கத்து வீட்டில் இருக்கிறார். மனநல மருத்துவரைப் பார்க்க மலையிறங்க வேண்டும். இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும், பேருந்துக் கட்டணம் தனி. அதை ஒரு முறை தாங்கலாம். வாழ்நாள் முழுதும் தாங்க முடியுமா? அறிவு பேசுகிறவன் மருந்தையும் கையோடு கொண்டு போக வேண்டும். வெறுங்கையோடு போய் அறிவு மட்டும் பேசினால் யார் கேட்பார்கள்?

மலைக்கு எதுவும் ஏறாது என்று சொல்லாதீர்கள். இதே சவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடியோடு தொலைநோக்கி ஒன்று 1986 இல் திறக்கப்பட்டது. வானத்து மீனின் ஒளியை அளக்க அவ்வளவு பெரிய கண்ணாடியை ஏற்றிய நாடு, மண்ணில் வாழும் மனிதனின் இரத்தத்தை அளக்க வழி செய்யாதா? தொலைநோக்கி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அதுவும் ஏறட்டும், மாத்திரைப் பெட்டியும் ஏறட்டும்!

இது பிச்சை கேட்பதும் அல்ல. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை உரிமை என்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள், அரசின் சமுதாய நல மையம் தொடங்கி மேலுள்ள எல்லா நிலையங்களிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. லித்தியம் அந்தத் தேசியப் பட்டியலில் உள்ள மருந்துதான். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்றும் அதே சட்டம் தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து மாண்டதை மறந்துவிட முடியுமா?

நம் கோரிக்கை இதுதான். 2021 இல் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மாத்திரை போகும் என்றார்கள். அந்த வழியிலேயே மனநோய் மாத்திரையும் மலைவீட்டுக்குப் போகட்டும். மனநல மருத்துவர் குறித்த நாளில் ஜமுனாமரத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் வரட்டும். இரத்தம் மலையிலேயே எடுக்கப்பட்டு, முடிவு மலைக்கே திரும்பி வரட்டும். ஆள் இறங்க வேண்டாம், குழாயில் எடுத்த இரத்தம் இறங்கினால் போதும்.

அரசிடம் கேட்பது பாதி வேலை. மீதிப் பாதி நம்முடையது. லித்தியம் உண்ணும் தோழர் கடும் வெயிலில் வேர்த்து உழைத்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மருந்து உடலில் மிகும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தாலும் அப்படியே. மூட்டு வலிக்கு, முதுகு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் பலவும் அதே தீங்கைச் செய்யும். கை கடுமையாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், "குடித்திருக்கிறான்" என்று ஒதுங்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவருக்கு இரவு உறக்கம் மருந்துக்குச் சமம். சுவரொட்டி ஒட்ட, இரவுக் காவல் இருக்க அவரை அழைக்காதீர்கள். வெளியூர் வேலைக்குப் போகிறவர் பையில் மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேலூர் பாகாயத்தில் 1957 இல் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்துச் சிகிச்சை செய்யும் முறையை வளர்த்தது. சவ்வாது மலையின் அடிவாரத்துக்கு அருகிலேயே பிறந்த பாடம் அது. கட்சிக் கிளையும் ஒரு குடும்பம் என்று மேடையில் சொல்கிறோமே, அதை மெய்ப்பிக்கும் இடம் இதுதான்.

"நோய் என்று சொன்னால் பொறுப்பு போய்விடும்" என்று அஞ்சும் தோழர்களுக்கு ஒரு செய்தி. 1998 இல் நார்வே நாட்டின் பிரதமர் ஷெல் மாக்னே போந்தேவிக், தமக்கு மனச்சோர்வு என்று நாட்டுக்கே அறிவித்து விடுப்பு எடுத்தார். சில வாரங்களில் வேலைக்குத் திரும்பினார். அவருடையது இருமுனை நோய் அல்லதான். ஆனாலும் 2001 இல் அவர் மறுபடியும் பிரதமரானார். ஒரு நாட்டின் பிரதமர் வாய் திறந்து சொல்லலாம், நம் கிளைச் செயலாளர் சொல்லக் கூடாதா?

தோழர்களே! ஏறும்போது தோளைத் தட்டிய கை, இறங்கும்போது தோளைத் தாங்கட்டும். மலையிலிருந்து மனிதனை இறங்க வைத்தது போதும். மாத்திரை மலையேறட்டும்!