லைன் அறுந்தால் சுவிற்ச் எங்க நிக்கும்?

இந்தக் கிழமை எபிசோட்டில, தூரத்தில இருக்கிற அன்ரனா சுவிற்ச்சை சீரியல் லைன் ஊடாக மாத்துறது எப்படி எண்டு கதைச்சம். செய்முறை அங்கயே இருக்கு. இங்க நான் சொல்ல வாறது ஒரு கருத்து மட்டும்: அந்தச் சுவிற்ச்சுக்கு வடிவான ஆப் எழுத முதல், லைன் அறுந்தால் அது என்ன செய்யும் எண்டதை எழுதுங்கோ.

முதல்ல, தூரத்தில ஏன் வைக்க வேணும்? மிசிசாகாவில ஸ்குவயர் வன் பக்கம் கொண்டோவில இருக்கிற ஆளுக்கு 40 மீற்றர் அலைவரிசை வேணும் எண்டால், சாதாரண டைபோல் அன்ரனாவே ஏறத்தாழ 20 மீற்றர் நீளம். பல்கனி காணாது. அதனால ஹாம் ரேடியோ ஆக்கள் சிலர் ரேடியோவை நகரத்துக்கு வெளியில, காணி உள்ள சொந்தக்காரர் வீட்டில வைச்சிட்டு, இங்கயிருந்து லாப்டாப்பால இயக்கினம். அங்க ரேடியோ ஒண்டு, அன்ரனா மூண்டு நாலு. நடுவில ரிலேக்கள் உள்ள ஒரு பெட்டி. "இரண்டாவது அன்ரனா" எண்டு அதுக்குச் சொல்ல ஒரேயொரு எழுத்து போதும். 1960இல் வந்த ஆர்எஸ்-232 முறைக்கு அது தாராளமான வேலை. அனுப்ப ஒண்டு, வாங்க ஒண்டு, கிரவுண்டுக்கு ஒண்டு: மூண்டு வயர்தான்.

வேலை சின்னது, ஆனால் பிழைச்சால் செலவு பெரிசு. 100 வாட்டில் அனுப்பிக்கொண்டிருக்கேக்க ரிலே மாறினால், அதன்ர முனைகளில பொறி பறந்து கருகும். அன்ரனாவே இல்லாமல் அனுப்பினால், போன சக்தி திரும்பி வந்து ரேடியோவின்ர கடைசிக்கட்ட ட்ரான்சிஸ்டர்களைச் சுடலாம். பக்கத்தில இருந்தால் மணத்திலயே விளங்கும். 150 கிலோமீற்றர் தள்ளி இருந்தால் ஒண்டும் தெரியாது.

இது ஹாம் ரேடியோக்காரரின்ர பிரச்சினை மட்டும் இல்லை. 2022 ஜூலை 8ஆம் தேதி ரோஜர்ஸ் நெட்வேர்க் நாடு முழுக்க விழுந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். கடைகளில இன்ரராக் வேலை செய்யவில்லை. பலருக்கு 911 அழைப்பே போகவில்லை. தொடங்கினது ஒரு அப்டேற்றின்போது ரவுட்டரில செய்த பிழையான மாற்றம். ஆனால் அதைத் திருத்தத் தாமதமானதுக்கு ஒரு முக்கிய காரணம் வேற: ரவுட்டர்களைத் தூரத்திலிருந்து இயக்கிற வழியும் அதே நெட்வேர்க்கையே நம்பியிருந்தது. நெட்வேர்க் விழ, அதைத் தூக்கிற கையும் சேர்ந்து விழுந்தது. அவ்வளவு பெரிய கம்பனிக்கே இது நடந்தால், எங்கட ராஸ்பெர்ரி பைக்கு நடக்காதா?

ஆகவே என்ர கணக்கில நாலு விஷயம் கட்டாயம்.

ஒண்டு, பெட்டி பதில் சொல்ல வேணும். அம்மா போனில "அடுப்பை நிப்பாட்டினியா?" எண்டு கேட்க, இருந்த இடத்திலயே "ஓம்" எண்டு சொல்றதும், எழும்பிப் போய்ப் பார்த்திட்டுச் சொல்றதும் ஒண்டில்லை. கட்டளை கிடைச்சது எண்ட பதில் காணாது. ரிலே உண்மையில எங்க நிக்குது எண்டு பார்த்துச் சொல்ல வேணும்.

இரண்டு, சில செக்கனுக்கு உங்கட பக்கத்திலயிருந்து சத்தமே இல்லையெண்டால், பெட்டி தானாகவே முதல்ல அனுப்புறதை நிப்பாட்டி, பிறகு அன்ரனாக்களை கிரவுண்டுக்கு மாத்த வேணும். கரண்ட் போனாலும் அதே நிலைதான். நேர விழுகிற மின்னலுக்கு இது காணாது, ஆனால் கோடை இடிமழையில சும்மா தொங்கவிடுறதை விட மேல்.

மூண்டு, போர்ட்டைத் திறக்கிறதே ஒரு கட்டளையாக மாறாமல் பாருங்கோ. ஆர்டுயினோ ஊனோவில, கொம்பியூற்றர் சீரியல் போர்ட்டைத் திறந்த உடனேயே போர்ட் ரீசெட் ஆகும். ரிலேக்கள் எல்லாம் விழும். நிலைமையைப் பார்க்க மட்டும் வந்த ஆள், பாவம், அன்ரனாவையே கழட்டிப்போடுவார்.

நாலு, இரண்டாவது வழி ஒண்டு வேணும். ப்ரீபெய்ட் சிம் போட்ட மோடமாக இருக்கலாம். மாமா போய் அமத்தக்கூடிய பெரிய சிவப்பு சுவிற்ச்சாகவும் இருக்கலாம். பக்கத்தில தமிழில எழுதி ஒட்டுங்கோ.

"இதெல்லாம் ஏன், ரெடிமேட் கிளவுட் பெட்டி விக்குதே" எண்டு கேப்பீங்கள். வாங்குங்கோ, பிழையில்லை. ஆனால் அந்தக் கம்பனியின்ர சேர்வர் விழுந்தால் உங்கட சுவிற்ச் எங்க நிக்கும் எண்டு கேட்டிட்டு வாங்குங்கோ. நீங்களே கட்டினால், சீரியல் போர்ட்டை பாஸ்வேர்ட் இல்லாமல் இன்ரநெற்றில திறந்துவிடாதேங்கோ. விபிஎன்னுக்கு உள்ள வையுங்கோ. அங்கயிருந்து என்ன போனாலும் உங்கட கால்சைனிலதான் போகுது. பொறுப்பும் உங்களுக்குத்தான்.

எங்கள்ல கனபேர் வீட்டுக்கு வீடு டெக் சப்போர்ட். அப்பா அம்மாவின்ர தெர்மோஸ்டாட், கராஜ் கதவு, கமரா எல்லாம் நாங்கதான் பூட்டிக் குடுத்தது. ஜனவரிக் குளிரில இன்ரநெற் போனால் அந்த வீட்டு ஹீட்டர் ஓடுமா, நிக்குமா? தெரியாட்டி, அடுத்த முறை அங்க போகேக்க, எல்லாம் ஒழுங்காக வேலை செய்யிற நேரத்தில ரவுட்டர் வயரை ஒருக்கா கழட்டிப் பாருங்கோ.