வில்லுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்

கொற்கை பாண்டியர் துறைமுகம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இப்போது போனால் கடலைக் காணோம். தாமிரபரணியின் வண்டல் பல நூற்றாண்டுகளாக மெல்ல மெல்லத் தள்ளிவிட்டது. 2023 டிசம்பர் 17, 18-ல் அந்தப் பொறுமை இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை! பக்கத்து ஏரல் மூழ்கியது.

பருவநிலை பற்றிச் சொல்ல விளையாட்டு வீரர்களையும் கலைஞர்களையும் கூப்பிட வேண்டும் என்கிறார்கள். சரிதான். ஆனால் குளிர்பானத்துக்குச் சிரித்த அதே சிரிப்போடு ஒரு கிரிக்கெட் வீரர் மரம் நடச் சொன்னால் நான் நம்ப மாட்டேன் (நீங்கள்?). விவேக்கை நம்பினோம். 2021-ல் மறையும்வரை அவரே ஊர் ஊராகப் போய் நட்டார்.

2017-ல் டி.எம்.கிருஷ்ணா 'சென்னை புறம்போக்கு பாடல்' பாடினார். கபேர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழ், கர்நாடக ராகத்தில், எண்ணூர்க் கழிமுகத்தில் நின்றபடி. வசவாக இருந்த 'புறம்போக்கு' எல்லோருக்கும் பொதுவான நிலம் என்ற தன் பழைய அர்த்தத்துக்குத் திரும்பியது.

அது சென்னைக்கு. நமக்கு வில்லுப்பாட்டு இருக்கிறதே! 2022-ல் மறைந்த பத்மஸ்ரீ சுப்பு ஆறுமுகம் நம் நெல்லைக்காரர்தான். வில்லில் எனக்குப் பிடித்தது, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவதோடு நிற்காமல் குறுக்கே கேள்வியும் கேட்பார். "குளம் ஏம்ணே உடைஞ்சுது?" "கரையை யாரு பார்த்தா?" இதை மேடையில் ஒரு அமைச்சரிடம் கேட்க முடியுமா?

வரி பிரிக்கும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கொடையில் அம்மன் கதை முடிந்ததும் வெள்ளக் கதைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓசியில் கேட்காதீர்கள். சினிமாப் பாட்டுக் கச்சேரிக்குக் கொடுப்பதில் பாதியாவது கொடுங்கள்.