அந்தரத்தில் நிற்கும் மீன்கொத்தி

பறவையைப் பார்த்தீர்கள், காமிராவைத் தூக்கினீர்கள், 'க்ளிக்' செய்தீர்கள். அப்புறம் பார்த்தால், வானத்தில் யாரோ மை தடவிவிட்டுப் போன மாதிரி ஒரு கறை! "காமிரா சரியில்லை. விலை கூடினதாக ஒன்று வாங்க வேண்டும்" என்று வீட்டில் பேச்சு எழும். பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பறவை உங்கள் முன்னால் குறுக்கே போகிறது. அதாவது விநாடிக்கு 10 மீட்டர். ஷட்டர் விநாடியில் 100-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பறவை 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். தேன்சிட்டின் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! 2000-ல் ஒரு பங்கு என்றால் அரை சென்டிமீட்டர். அதற்கு நல்ல வெயில் வேண்டும். பறவையோடு காமிராவையும் இடுப்பிலிருந்து திருப்பிக்கொண்டே வந்தால், வேகத்தில் பெரும் பகுதி கழிந்துபோகும். பொத்தானை அமுக்கிய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது.

இறக்கை நுனி கொஞ்சம் கலங்கியிருந்தால் பாதகமில்லை, கண் தெளிவாயிருந்தால் போதும் என்பது என் கட்சி.

இன்றைய காமிராக்களில் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துத் தொடரும் வித்தைகூட உண்டு. ஆனால் பறவை அடுத்து என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியலாம். கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பாருங்கள். குளத்து நீருக்கு மேலே வந்ததும் அலகைக் கீழே சாய்த்து, இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு அந்தரத்தில் அப்படியே நிற்கும். தலை ஆடாது, மீனைக் குறி பார்க்கிறதல்லவா? படம் எடுக்க வேண்டிய நேரம் அதுதான். பாய்ந்த பிறகு துரத்தினால் தண்ணீர்தான் விழும்.

பெரிய நாரைகளுக்குக் காற்றைக் கவனியுங்கள். காற்றை எதிர்த்துத்தான் அவை இறங்கும். அப்போது வேகமும் குறையும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால், உங்களுக்கு முகம் காட்டியபடியே வரும்.

கூடு கட்டும் ஏரிகளில், மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையைப் பறக்க வைக்கக் கை தட்டுகிற, கல் எறிகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். பறவை பறக்கும்தான்; ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு! படத்தில் வால்தான் மிஞ்சும். தாய் எழுந்த கூட்டில் முட்டையைக் காக்கை கொத்திப் போகும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடும். அந்தப் பாவம் நமக்கு எதற்கு? சற்றுப் பொறுத்தால், பெற்றவை இரையோடு தாமே திரும்பி வரும். காற்று மாறாத வரையில் பெரும்பாலும் அதே பக்கத்திலிருந்துதான் இறங்கும்.

கூட்டருகே போவதில் நமக்கும் ஆபத்து உண்டு. எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலேயர் 1937-ல் ஆந்தைக் கூட்டைப் படமெடுக்கப் போனார். ஆந்தை பாய்ந்து தாக்கியதில் ஒரு கண் போயிற்று. மனிதர் அசரவில்லை, மிச்சக் கண்ணோடு பல்லாண்டு பறவைகளையே படமெடுத்தார். 1970-ல் வந்த தம் சுயசரிதைக்கு, 'பறவைக்கு ஒரு கண்' என்று பொருள்படும்படி பெயர் வைத்தாரே, அந்தக் குறும்பை என்ன சொல்ல!

முதல் நாளே மீன்கொத்தியைத் தேடிப் போக வேண்டாம். கோயில் கோபுரத்துப் புறாக்களில் கை பழகட்டும். காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும்; காமிராவின் கயிறு கழுத்தில் இருக்கட்டும். பிரசாதப் பொட்டலத்தை மட்டும் குரங்கின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.