பாரிமுனையில் ஒரு கல்

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்திலிருந்து பாரிமுனைக்கு வருகின்ற தோழர்கள் என்ன பார்க்கின்றார்கள்? அய்க்கோர்ட்டின் சிவப்புக் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கின்றார்கள். பிறகு பூக்கடைப் பக்கம் பட்டணம் கோவிலுக்குப் போய், சென்னகேசவப் பெருமாளுக்கு ஒரு கும்பிடும் மல்லீசுவரருக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, பட்டணம் பார்த்தாய்விட்டதென்று பஸ் ஏறிவிடுகின்றார்கள். டேர் ஹவுஸ் மூலையில் நிற்கின்ற ஒரு கல்லை மாத்திரம் எவரும் பார்ப்பதில்லை. அதற்கு மஞ்சள் குங்குமம் பூசி எவனாவது ஓர் உண்டியலும் வைத்திருந்தால் பார்த்திருப்பார்கள் போலும்!

அது 1773-இல் கும்பெனியார் நட்ட எல்லைக்கல். ஆறு கற்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதற்குத் தெற்கே, கோட்டை வரையில், எவனும் வீடு கட்டக்கூடாது என்பதே அதன் பொருள். அப்படியானால் அதற்கு முன் அங்கே வெறும் மணலா கிடந்தது? இல்லை, நம்மவர்கள் குடியிருந்த ஊர் இருந்தது. வெள்ளையர் அதற்கு வைத்த பெயர் கறுப்பர் பட்டணம். 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர், கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். 1749-இல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயரோ, பீரங்கி சுடுவதற்கு வெளி வேண்டுமென்று மிச்சத்தையும் இடித்தார்கள். சண்டை இரண்டு வெள்ளையருக்கு, வீடிழந்தவன் நம்மவன்.

வீடு மாத்திரமா போயிற்று? அந்தச் சென்னகேசவப் பெருமாளின் கோவிலே அன்று இன்றைய அய்க்கோர்ட்டு நிற்கும் இடத்தில்தான் இருந்தது. 1757-இல் அதையும் இடித்தார்கள். சக்கராயுதம் ஏந்திய பெருமாள் சும்மா இருந்தார். பிறகு கும்பெனி துபாஷாயிருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியால், கும்பெனி கொடுத்த மாற்று மனையில் இப்போதுள்ள கோவில் எழும்பிற்று. உலகத்தையே காக்கின்றவர் என்று சொல்லப்படுபவருக்கு ஒரு மனை கிடைக்க ஒரு துபாஷின் சிபார்சு வேண்டியிருந்ததென்றால், அவரிடம் மனைக்கும் மாடிக்கும் வேண்டுதல் செய்யும் பக்தர்களை என்னவென்று சொல்லுவது?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்தண்டை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்ததல்லவா? அப்போது அய்க்கோர்ட்டுச் சுவரில் ஒரு குண்டு பட்டது. அந்த இடத்தில் ஒரு கல்வெட்டுப் பதித்து வைத்திருக்கின்றார்கள். சுவரில் பட்ட குண்டுக்குக் கல்வெட்டு! ஓர் ஊரே தரைமட்டமானதற்கு, “இங்கே கட்டாதே” என்ற எல்லைக்கல்!

அந்தக் கல்லின் பக்கத்தில், இங்கே இன்ன ஊர் இருந்தது, இன்ன காரணத்துக்காக இன்னார் இடித்தார்கள் என்று, சாலையில் போகிறவன் நின்று படிக்கும்படியாகத் தமிழில் நாலு வரி பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டுமென்று சர்க்காரை நாம் கேட்கின்றோம்.