எட்டாம் வகுப்போடு நிற்கும் உணவு, பன்னிரண்டு வரை தொடரும் உபதேசம்

வளரிளம் பருவத்தினருக்கு உடல்நலத்தையும் மனநலத்தையும் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்பதில் இடதுசாரிகளிடையே இரு கருத்து இருக்க முடியாது. ஒன்றிய அரசு 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி நல்வாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் ‘நல்வாழ்வுத் தூதுவர்’களாகப் பயிற்சி பெற்று, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு வாரந்தோறும் வகுப்பு எடுக்க வேண்டும் என்பது திட்டம். ஊட்டச்சத்து, மனநலம், பாலினச் சமத்துவம், இனப்பெருக்க நலம், போதைப்பொருள் தடுப்பு, இணையப் பாதுகாப்பு உள்ளிட்ட பதினொரு பொருள்கள் அதில் உள்ளன.

பட்டியலில் குறை காண அதிகமில்லை. ஆனால், இந்தப் பாடத்தைக் கேட்கும் பதின்மூன்று, பதினான்கு வயதுக் குழந்தைக்கு, பாடத்தைத் தவிர அரசு வேறு என்ன தருகிறது என்று கேட்டாக வேண்டும்.

பாடம் உண்டு, சோறு இல்லை

ஒன்றிய அரசின் மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் தரும் இலவசக் கட்டாயக் கல்வியின் உத்தரவாதமும் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. உடல் வேகமாக வளர்ந்து, கூடுதல் புரதமும் இரும்புச்சத்தும் தேவைப்படும் பருவத்தில், ஒன்பதாம் வகுப்பின் வாசலில் தட்டு பறிக்கப்படுகிறது. சமச்சீர் உணவு குறித்த பாடம் மட்டும் தொடர்கிறது.

எட்டாம் வகுப்பு வரை கிடைக்கும் உணவின் நிலை என்ன? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவருக்கு ஒரு வேளைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது விதி. தானியம் நீங்கலாக, பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிபொருள் அனைத்துக்கும் சேர்த்து 2025 மே மாதம் முதல் ஒதுக்கப்படும் தொகை 10.17 ரூபாய். சமைக்கும் பெண்களுக்கு ஒன்றிய விதிப்படியான மாத மதிப்பூதியம் 2009இல் நிர்ணயித்த அதே 1,000 ரூபாய். அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு மட்டுமே. மகாராஷ்டிராவிலோ, 2025 ஜனவரியில் பாஜக தலைமையிலான கூட்டணி அரசு, மதிய உணவில் முட்டைக்கான நிதியையே நிறுத்தியது.

இதன் விளைவு குழந்தைகளின் ரத்தத்தில் தெரிகிறது. 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 31.1 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை உள்ளது. முந்தைய ஆய்வில் பெண்களிடையே இது 54.1 சதவீதமாக இருந்தது. இந்த உயர்வுக்கு விடை தேட வேண்டிய அரசு, அளவிடும் முறையைக் காரணம் காட்டி, அடுத்த ஆய்விலிருந்து ரத்தசோகைக் கணக்கெடுப்பையே நீக்க 2023இல் முடிவு செய்தது.

பள்ளிகளில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது, தேவையானதுதான். ஆனால் அதை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். எனவே சாப்பிட்ட பிறகே தர வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். பள்ளியில் உணவே இல்லாத ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இந்த வழிகாட்டுதலால் என்ன பயன்? சத்தான உணவைத் தேர்ந்தெடுங்கள் என்று அவளிடம் சொல்வது, அரசின் கடமையை அவள் தலையில் கட்டுவதாகும். நோய்க்குக் காரணம் வறுமை என்ற உண்மை மறைக்கப்பட்டு, தனிமனிதரின் பழக்கவழக்கமே குற்றவாளியாக நிறுத்தப்படுகிறது. நவதாராளவாதத்தின் நலவாழ்வுக் கொள்கை இதுதான்.

வெட்கத்தின் அரசியல்

பொருளாதாரத் தடை ஒருபுறமிருக்க, கருத்தியல் தடையும் உள்ளது. மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் உருவாக்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு 2007இல் மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகா உள்ளிட்ட மாநிலங்கள் தடை விதித்தன. வெங்கய்யா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, நமது பண்பாட்டுக்குப் பாலியல் கல்வி பொருந்தாது என்று 2009இல் அறிக்கை அளித்தது.

அதே 2007இல் ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதத்துக்கும் அதிகமான குழந்தைகள் ஏதேனும் ஒரு வகையான பாலியல் கொடுமையை அனுபவித்ததாகத் தெரிவித்திருந்தனர். கொடுமை இழைத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பண்பாட்டின் பெயரால் காக்கப்பட்ட மௌனம் குழந்தைகளைக் காக்கவில்லை; குற்றவாளிகளுக்கே அரணாக அமைந்தது. 2012இல் போக்சோ சட்டம் வந்தது. ஆனால் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வார்த்தையே கற்றுத்தரப்படாத குழந்தை, அந்தச் சட்டத்தின் கதவை எப்படித் தட்டும்?

பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமக் கோட்பாட்டை நீக்கியவர்களின் ஆட்சியில், உடல் குறித்த அறிவியல் பாடம் எளிதில் ஒழுக்க உபதேசமாகத் திரிக்கப்படும். பிற்போக்கு எந்த ஒரு மதத்துக்கும் தனியுடைமையும் அல்ல. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2025இல் போதைப்பொருள் எதிர்ப்பு இயக்கத்தின் பகுதியாகப் பள்ளிகளில் ஜும்பா நடனப் பயிற்சியைத் தொடங்கியபோது, மத அமைப்புகள் சிலவற்றிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. அரசு பின்வாங்கவில்லை. அந்த உறுதி முன்மாதிரியானது.

நமது கோரிக்கையும் கடமையும்

பாடமா, சோறா என்று தேர்ந்தெடுக்கும் நிர்ப்பந்தத்தை நாம் ஏற்க முடியாது. இரண்டும் குழந்தையின் உரிமை. மதிய உணவு நாடு முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட வேண்டும். தமிழ்நாடு பல பத்தாண்டுகளாகப் பத்தாம் வகுப்பு வரை உணவு வழங்கி வருகிறது. ஒரு மாநிலம் செய்வதை ஒன்றிய அரசால் செய்ய முடியாதா? காலிப் பணியிடங்களை நிரப்பாமல், இருக்கும் ஆசிரியர்கள் இருவரின் தோளில் ‘தூதுவர்’ பட்டத்தைச் சுமத்துவது போதாது. பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்கள் பள்ளிகளில் நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும். தண்ணீர் வரும் கழிப்பறையும் இலவச நாப்கினும் இல்லாத பள்ளியில் மாதவிடாய் சுகாதார வகுப்பு கேலிக்கூத்து.

இதற்கான களம் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பல இடங்களில் இக்குழுக்கள் காகிதத்தில் மட்டுமே இயங்குகின்றன. ஒவ்வொரு கிளையும் தன் பகுதிப் பள்ளியின் குழு கூடுகிறதா, நலவாழ்வு வகுப்பு நடக்கிறதா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்க வேண்டும். மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகள் இக்கோரிக்கைகளைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும்.

மகளின் மாதவிடாய் பற்றியோ மகனின் மனச்சோர்வு பற்றியோ பேசத் தயங்கும் வீடுகள் நம் இயக்கத்துக்குள்ளும் உள்ளன. மேடையில் அறிவியல் மனப்பான்மையைப் பேசும் நாம், அதைச் சாப்பாட்டு வேளையிலும் பேசத் தொடங்க வேண்டும். அப்போதுதான் பள்ளியில் அந்தப் பாடத்தைக் கேட்டுப் போராடும் நம் குரலுக்கு வலு கூடும்.