திருத்திய இடத்தில்தான் பிழை

'காபரேற்றரை முற்றாகக் கழற்றிப் புதிதாக்கிவிட்டோம், பிழை இனி அங்கே இருக்க வழியில்லை' என்று கராச்சில் அடித்துச் சொன்னார்கள். அந்தச் சொல்லை நம்பி, எனது மொறிஸ் மைனரின் இஞ்சினைத் திறப்பதற்கு நான் ஏறக்குறையச் சம்மதித்தே விட்டேன். வால்வு போய்விட்டதாம். அவர்கள் எழுதித் தந்த மதிப்பீடு எனது இரண்டு மாத வருமானத்தை விழுங்கக்கூடியது.

வண்டி அப்பாவினுடையது. 1963ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 1990இல் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வராமற் போனபின், அது மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலை ஊற்றி இஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அப்பா. பல்கலைக்கழக மாணவனாகிய என்னிடம் அந்தப் போத்தலைப் பிடித்திருக்கும் பதவி மட்டுமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. அத்தனை கொடுமையையும் தாங்கிய வண்டி, 2022இன் எரிபொருள் வரிசைக் காலத்தில் மாதக்கணக்காக நின்று பழுதாயிற்று. காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தில் கிடந்த பெற்றோல் காய்ந்து பிசினாகிவிட்டது. அதற்காகத்தான் கராச்சுக்குக் கொண்டுபோனேன்.

திரும்பி வந்த வண்டி பளபளத்தது. ஆனால் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் ஓடும். மிதித்தால் இருமும். பிளக்குகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன.

இந்த வண்டியிலுள்ள எஸ்.யூ. காபரேற்றரின் பெயர், அதனை ஆக்கிய ஸ்கின்னர் சகோதரர்களின் கூட்டினால் வந்தது. இஞ்சின் கேட்கும் காற்றுக்கேற்ப ஒரு பிஸ்ரன் உயர்ந்து தாழும். அதன் அடியில் ஒட்டிய கூம்பான ஊசி, ஜெற் என்னும் துவாரத்தினுள் ஏறி இறங்கிப் பெற்றோலை அளந்து கொடுக்கும். இவ்வளவு எளிமையானது. எளிமையானது என்பதாலேயே, எவரும் கழற்றிப் பூட்டலாம் என்ற எண்ணமும் வந்துவிடுகிறது.

இஞ்சினைத் திறப்பதற்கு முதல்நாள், மண்ணெண்ணெய்க் காலத்தில் அப்பாவின் வண்டியைப் பார்த்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். எழுபது வயதைக் கடந்தவர். சான்றிதழ் எதுவும் இல்லை.

"கடைசியா ஆர் எதிலை கை வைச்சது, தம்பி?"

"காபரேற்றரிலை, அண்ணை. ஆனா அது புதுசாக்கினது."

"அப்ப அதைத்தான் முதல்லை பாக்கவேணும்."

ஓடிக்கொண்டிருந்த இஞ்சினில் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்லத் தூக்கினார். உடனே இஞ்சின் நின்றுபோயிற்று. பெற்றோல் போதாது என்பதற்கு அதுவே சாட்சி. சரியான கலவையானால் ஒரு கணம் வேகம் கூடிப் பழைய நிலைக்குத் திரும்புமாம். பிறகு காற்று வடியைக் கழற்றி, பிஸ்ரனை முழுதாக உயர்த்தி விட்டார். 'டக்' என்று விழவேண்டியது சத்தமின்றி நடுவில் தங்கியது. ஜெற்றை மையப்படுத்தாமலே இறுக்கியிருந்தார்கள். ஊசி ஒருபக்கம் உரசிற்று. ஊசியின் தோளும் பிஸ்ரனின் அடித்தளத்தோடு சமமாக நிற்காமல் கீழே தொங்கியது. அதனால் தடித்த பகுதியே துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மேல்மூடியைத் திருகிப் பார்த்தால், பிஸ்ரன் துள்ளாமல் தடுக்கும் எண்ணெய் ஒரு சொட்டுமில்லை. மிதிக்கையில் வந்த இருமலுக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

ஒரு மணித்தியாலம்கூடச் செல்லவில்லை. வால்வுக்கு ஒன்றும் இல்லை.

எனது தொழிலிலும் இதனைக் கண்டிருக்கிறேன். கையால் அச்சுக் கோர்த்த நாள்களில், பிழையான எழுத்தைப் பிடுங்கி மாற்றும்போது பக்கத்து எழுத்துச் சரிந்துவிடும். திருத்திய சொல்லை மட்டும் சரிபார்த்துவிட்டு அச்சேற்றுவோம். மறுநாள் அடுத்த சொல் பல்லிளிக்கும். திருத்தம் நடந்த வரியை முழுதாக வாசி என்று மூத்தவர்கள் சொல்லித்தந்தார்கள். கராச்சுகளில் அப்படிச் சொல்லித்தர இன்று எவரும் இல்லை. புதிய வாஷர்களும் ஊசியும் பொதியாக வருகின்றன. அவற்றை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று பற்றுச்சீட்டு எழுதுகிறார்கள். அந்தப் பற்றுச்சீட்டே குற்றமற்றவர் என்ற தீர்ப்பாகி, பழி இஞ்சின்மேல் விழுகிறது. தவறு எவர்க்கும் நேரும். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. தமது வேலையை மறுபடி பாராமலே அடுத்தவன் பணத்தில் அடுத்த பாகத்தைத் திறக்கத் துணிவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வண்டியைப் பிழைப்புக்காக ஓட்டுபவன் ஒருவன் என் இடத்தில் இருந்திருந்தால் கடன் வாங்கியாவது திறந்திருப்பான்.

முதியவர் கூலி வாங்க மறுத்தார். "பூட்டின பெடியனை ஒருக்கா இஞ்சை வரச்சொல்லும். காட்டிவிடுறன்" என்றார். கராச்சுக்கு இரண்டு தடவை போய்ச் சொல்லிவிட்டேன். முதலாளி வேலை நெருக்கடி என்றார். அந்தப் பையன் மட்டும் முகவரியைக் கேட்டு, கையிலிருந்த சிகரெட் பெட்டியின் மட்டையில் எழுதிக்கொண்டான். இன்னும் போகவில்லை.